"ஷொக் புரூப்" லெப்டொப் பேக்: சைக்கிளில் போகிறவர்கள் கவனம்

ஹட்டன் டவுனில் லெப்டொப் பேக் வாங்கப் போகிறவர்கள், அதிலும் சைக்கிளில் வேலைக்கோ வகுப்புக்கோ போகிற பிள்ளைகள், காசு கொடுக்கும் முன் பேக்குக்குள் கையை விட்டு அடிப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். நான் ரூ. 7,500 கொடுத்து வாங்கிய பேக்கில் அந்த இடத்தில் ஒரு கார்ட்போர்ட் துண்டுதான் இருந்தது.

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்குச் சைக்கிளில் போய் வருகிறேன். ஏ7 வீதிக்கு ஏறும்வரை கல்லும் குழியும்தான். இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லித்தான் பேக் கேட்டேன். "இது ஷொக் புரூப் தம்பி, கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது" என்று முதுகுப் பக்கத்து ஸ்பொன்ஜை அமுக்கிக் காட்டினார். பில்லிலும் அப்படியே எழுதித் தந்தார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் வேலையிடத்தில் லெப்டொப்பைத் திறந்தால், திரையின் கீழ் மூலையிலிருந்து விரிசல் ஓடி, மை சிந்தியதுபோல் கறுத்திருந்தது. திருத்துகிற அண்ணன் பார்த்துவிட்டு, மூலையில் அடி வாங்கியிருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து பேக்கின் உள்துணியைப் பிரித்தேன். கண்ணுக்குத் தெரிகிற முதுகுப் பக்கம் மட்டும் நல்ல ஸ்பொன்ஜ். பேக்கைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் மூலைதான் இடிபடும், அங்கே ஸ்பொன்ஜ் எதுவுமே இல்லை. சார்ஜர் வைக்கிற பைக்கும் லெப்டொப்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய துணி மட்டும்.

பேக்கோடு கடைக்குப் போனேன். "நீங்கள் ஓட்டின விதம் தம்பி, வொரன்டி ஜிப்புக்கு மட்டும்தான்" என்றார். "முதலாளி, பில்லில் நீங்கள்தானே எழுதினீர்கள்" என்றதும், திருத்தித் தருகிறேன் என்று பில்லைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. புதுத் திரைக்கான செலவு முழுக்க என் தலையில். வாய்தவறிச் சொன்ன பொய் என்றால் மன்னித்துவிடலாம். எழுதிக் கொடுத்துவிட்டு அதை அழிக்கப் பார்த்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்து வாங்குகிறவர்களுக்கு: உங்கள் லெப்டொப்பையே கொண்டுபோய் உள்ளே வைத்து, பேக்கை மேசையில் மெதுவாக இறக்குங்கள். 'டக்' என்று கேட்டால் வேண்டாம். லெப்டொப் அடியைத் தொடாமல் சற்று மேலே தூக்கலாக நிற்கும்படி தைத்த பேக்தான் நல்லது. லெப்டொப்பின் மூடிப் பக்கம், அதாவது திரை இருக்கிற பக்கம், உங்கள் முதுகைப் பார்த்து இருக்கட்டும். சார்ஜரை வேறு பையில் போடுங்கள், அது அழுத்தினாலே திரை போய்விடும். கேரியரில் ரப்பர் பட்டி போட்டு இறுக்கவே வேண்டாம். குழியின் அதிர்ச்சி நேரே லெப்டொப்புக்குப் போகும், முதுகில் மாட்டினால் உடம்பு பாதியைத் தாங்கும். மழைக்கு எந்த ஜிப்பையும் நம்பாமல், லெப்டொப்பைத் தடித்த பொலித்தீன் பையில் சுற்றிவிடுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் கடைக்காரர் பில் தந்தே ஆக வேண்டும். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. கடைக்காரர் வாயால் சொல்வதைப் பில்லில் எழுதி வாங்கி, அங்கேயே போனில் படம் எடுத்து வையுங்கள்.