புது அசெம்பிள்டு கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறதா? ‘ஃபார்மட் போடுங்க’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

ஒரு புதுக் கம்ப்யூட்டரின் பில்லில் இருந்தது 750 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி). கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்தது ஊர் பேர் தெரியாத 650 வாட். பில்லில் 32 ஜிபி டிடிஆர்5 6000 ரேம் கிட் (ஜோடி) என்றிருந்தது. உள்ளே இருந்தவை எங்கெங்கோ இருந்து எடுத்துச் செருகிய இரண்டு தனித்தனி ரேம்கள். இது வெளியே வருவதற்குள் விண்டோஸ் மூன்று முறை ஃபார்மட் ஆகிவிட்டது. கடை கொடுத்திருந்த மாற்றித்தரும் கெடுவும் தீர்ந்துவிட்டது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். இந்த வித்தை ஒரு கடையோடு நிற்பதும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் கேம் ஓடும்போது பட்டென்று அணைந்து தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். கேம் எதுவும் இல்லாமல் பிரவுசர் மட்டும் திறந்திருக்கும் நேரத்தில், திரை அப்படியே உறைந்து நிற்கும். மவுஸ் நகராது, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே இடத்தில் சிக்கிக் கரகரக்கும். இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது கடையில் கிடைத்த பதில், “சாஃப்ட்வேர் பிரச்சினை, ஃபார்மட் போடுங்க.” உண்மையில் அவை இரண்டு வெவ்வேறு நோய்கள். லோடு (வேலைப்பளு) ஏறியவுடன் ரீஸ்டார்ட் ஆனால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல். லோடே இல்லாமல் உறைந்தால் முதல் சந்தேகம் ரேம் மேல்.

ரேம் கெட்டிருக்கும்போது ஃபார்மட் போடுவது வீண் வேலை மட்டுமல்ல, கெடுதலும்கூட. இன்ஸ்டால் ஆகும் ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகிறது. வழியில் ஒரு பிட் மாறினால் கெட்ட ஃபைல் நிரந்தரமாக எழுதப்பட்டுவிடும். பிறகு நல்ல ரேமே போட்டாலும் விண்டோஸ் தடுமாறும். கடைக்காரரும், “பாருங்க, ரேம் மாத்தியும் போகல” என்பார்.

அடுத்த பல்லவி, “உங்க வீட்டுக் கரண்ட் சரியில்ல.” அதற்கு ஆதாரமாக, விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிவப்பாக நிற்கும் ‘கெர்னல்-பவர் 41’ வரியைக் காட்டுவார்கள். அந்த வரியின் பொருள், முந்தைய முறை விண்டோஸ் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பது மட்டுமே. உறைந்துபோன கம்ப்யூட்டரை நீங்களே பவர் பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதே 41 பதிவாகும். அதன் விவரங்களில் பக்செக் கோடு (நீலத்திரையின் எரர் எண்) 0 என்றிருந்தால், நீலத்திரை விவரத்தை எழுதி வைக்கக்கூட விண்டோஸுக்கு அவகாசம் இல்லை என்று கொள்ளலாம். 0 அல்லாத எண் இருந்தால் மினிடம்ப் ஃபோல்டரில் பெரும்பாலும் அந்தக் கிராஷின் விவரம் கொண்ட ஒரு ஃபைல் இருக்கும். அதை அழிக்காமல் நகல் எடுத்து வையுங்கள். 41க்குப் பக்கத்தில் டபிள்யூஎச்இஏ-லாகர் 18 இருந்தால் அது ஹார்ட்வேரே கொடுத்த வாக்குமூலம்: பிராசஸர், அதற்குப் போகும் வோல்டேஜ், ரேம் வேகம் என்ற திசையில் தேட வேண்டும். ஸ்டோர்என்விஎம்இ என்ற பெயரோடு 129 வந்தால் எஸ்எஸ்டி பதில் சொல்லாமல் நின்றிருக்கிறது.

இனி எஸ்எம்பிஎஸ். ஏமாற்றுவதற்கு இதைவிட வசதியான பாகம் கம்ப்யூட்டரில் கிடையாது. திரையில் எந்த சாஃப்ட்வேரும் அதன் மாடலைப் பெரும்பாலும் காட்டாது. பல கேபினெட்டுகளில் அது கீழே ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்டை விட்டுவிட்டு, பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். இந்தக் கேஸில் அங்கே 38 ஆம்பியர். 12 × 38 = 456 வாட். 650 என்ற எண் 3.3, 5 வோல்ட் வரிசைகளையும் கூட்டி ஊதிய கணக்கு. பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் தின்பது ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டில்தான். 105 வாட் டிடிபி (தயாரிப்பாளர் சொல்லும் வெப்ப அளவு) என்று விற்கும் ரைசன் 7000 பிராசஸர் 142 வாட் வரை இழுக்கும். கார்டு 300 வாட். அங்கேயே 442 ஆகிவிட்டது. மதர்போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு மிச்சம் 14 வாட்! இதற்கு மேல், கார்டு சில மைக்ரோ செகண்டுகள் தன் அளவைத் தாண்டி எகிறி இழுக்கும். ஏடிஎக்ஸ் 3.0 தரம், 100 மைக்ரோ செகண்டுக்குத் தன் வாட்டைப் போல இரு மடங்கு வரை எஸ்எம்பிஎஸ் தாங்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான். ‘80 பிளஸ் கோல்டு’ முத்திரை மின்சாரம் வீணாகாத அளவைச் சொல்லுமே தவிர, இந்த எகிறலைத் தாங்குமா என்று சொல்லாது.

அணையும் விதத்திலேயே ஒரு துப்பு உண்டு. 12 வோல்ட் சரிந்தால் எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குக் கொடுக்கும் ‘பவர் குட்’ சிக்னலை விலக்கிக்கொள்ளும். கம்ப்யூட்டர் உடனே ரீஸ்டார்ட் ஆகும். பாதுகாப்புச் சுற்று விழுந்தால் முழுதாக அணைந்து, பின்பக்க சுவிட்சை அணைத்துப் போடும்வரை உயிர் வராது.

கையில் வேறு எஸ்எம்பிஎஸ் இல்லாமலே சோதிக்கலாம். ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரில் கிராஃபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 65 அல்லது 70 சதவீதத்துக்கு இறக்கி, ரீஸ்டார்ட் ஆன அதே கேமை ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ், அதன் கேபிள் இரண்டோடு சுருங்கிவிடும். வீட்டுக் கரண்ட் கதைக்கும் இதுவே பதில்: அதே பிளக், அதே கரண்ட், லோடைக் குறைத்ததும் எப்படிச் சரியானது? கேபிளையும் பாருங்கள். கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால் இரண்டு தனிக் கேபிள் வேண்டும். ஒரே கேபிளின் நுனியில் இருக்கும் இரட்டைத் தலையைச் செருகிவிடுவது அசெம்பிள் செய்பவரின் சோம்பல். மல்டிமீட்டரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை சரிதான், ஆனால் அந்த மைக்ரோ செகண்ட் சரிவு மீட்டரில் தெரியாது. எனவே “மீட்டர்ல 12 காட்டுதே” என்பது வாதமே இல்லை. மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் பழைய கேபிளையும் கழற்றிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கப் பின் வரிசை பிராண்டுக்கு பிராண்டு வேறு. மாற்றிச் செருகினால் எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் கருகலாம்.

ரேமுக்கு வருவோம். டிடிஆர்5 6000 என்பது பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை சாஃப்ட்வேர்) எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை ஆன் செய்தால் வரும் ஓவர்கிளாக் வேகம், அதாவது வழக்கமான அளவைத் தாண்டியது. ரைசன் 7000க்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு ரேமுக்கு 5200, நான்கு ரேமுக்கு வெறும் 3600. கிட் என்பது தயாரிப்பாளர் சேர்த்தே சோதித்த ஜோடி. அதைப் பிரித்து விற்று, வேறொன்றோடு சேர்த்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. சிபியு-இசட் சாஃப்ட்வேரில், ரேமின் விவரம் காட்டும் எஸ்பிடி பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு ஸ்லாட்டாகப் பாருங்கள். பார்ட் நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும். தயாரித்த வாரம் காட்டினால் அதுவும் ஒத்துப்போக வேண்டும். இந்தக் கேஸில் பார்ட் நம்பரே வேறு. போதாததற்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில், ஒரே சேனலில் (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதை) இருந்தன! நான்கு ஸ்லாட் போர்டில் பொதுவாகப் பிராசஸரிலிருந்து எண்ணினால் 2, 4 ஆகியவைதான் சரியான இடம். போர்டின் மேனுவலில் படமே இருக்கும்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க நான்கு பாஸ் (முழுச் சுற்று) ஓடவிடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான். “ஒன்னு ரெண்டு வரும்” என்று யாராவது சொன்னால், வராது. எரர் வந்தால் எக்ஸ்போவை ஆஃப் செய்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால், ஒவ்வொரு ரேமாகத் தனியே இரண்டாம் ஸ்லாட்டில் போட்டுப் பார்த்து எது கெட்டது என்று பிரியுங்கள். எக்ஸ்போவில் மட்டும் வந்தால், பில்லில் எழுதிய வேகத்தில் ஓடாத பொருளை விற்றிருக்கிறார்கள் என்று பொருள். வேகத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டுச் சரிசெய்தோம் என்பது சர்வீஸ் ஆகாது.

இந்த இரண்டிலும் சிக்காவிட்டால், பார்க்க நேரமாகாத சில: கூலரின் அடியில் உரிக்காமல் விட்ட பிளாஸ்டிக் தாள், மதர்போர்டுக்குப் பின்னால் துளையே இல்லாத இடத்தில் நிற்கும் ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் சிறு திருகுத் தூண்), சிக்கிக்கொண்ட ரீசெட் பட்டன். முன்பக்க ரீசெட் ஒயரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டினால் கடைசி சந்தேகம் தீரும்.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர் என்றால் கதை வேறு. அடிப்படைப் பவர் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றில் வோல்டேஜ் கோளாறு இருப்பதை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் கட்டளைகள்) திருத்தங்களை வெளியிட்டது. அவை பயாஸ் அப்டேட் வழியாக வரும். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அவை குணப்படுத்தாது. கார்டில் நிறைய மெமரி இருந்தும் கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று எரர் வந்தால், இதை முதலில் நினையுங்கள். பாக்ஸில் வந்த பிராசஸர்களுக்கு வாரண்டி 5 ஆண்டாக நீட்டப்பட்டது. பாக்ஸ் இல்லாத ட்ரே பிராசஸரை மாட்டியிருந்தால் விற்றவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அந்த விற்றவர் யார் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

எனவே டெலிவரி எடுக்கும்போதே ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரும் சீரியல் நம்பரும் பில்லில் ஏற வேண்டும். ‘650 வாட் எஸ்எம்பிஎஸ்’, ‘32 ஜிபி ரேம்’ என்ற வரிகள் எதையும் நிரூபிக்காது. காலிப் பெட்டிகளைக் கேட்டு வாங்குங்கள். கேபினெட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் லேபிளைக் கடைக்காரர் முன்னாலேயே போட்டோ எடுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேரில் எஸ்எஸ்டி ஓடிய நேரம் சில மணிக்கு மேல் இருந்தால் அது புதியதல்ல. மெம்டெஸ்ட் ஓட்டம் முதல் இரவே நடக்கட்டும், கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. புகாரை போனில் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள், தேதியும் ஈவென்ட் எண்ணும் மெம்டெஸ்ட் திரையின் படமும் அதில் இருக்கட்டும்.

மேலே சொன்ன கம்ப்யூட்டரில் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் இரண்டு தனிக் கேபிளும் போட்டதும் ரீஸ்டார்ட் நின்றது. கெட்ட ரேமைக் கழற்றி, விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் உறைவதும் நின்றது. கழற்றிய ரேமுக்கு வாரண்டி கேட்டபோது தயாரிப்பாளர் ஜோடியாக அனுப்பச் சொன்னார். அது 2 ரேம் கொண்ட ஒரு கிட்டிலிருந்து பிரித்தது. அதன் இன்னொரு ரேம் எந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது என்று கடைக்கே தெரியவில்லை.