இரைப்பை ஒப்பரேஷனுக்குப் பிறகு எச்.ஐ.வி குளிசை: எங்கள் பெரியாஸ்பத்திரி கிளினிக்

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத ஆளில்லை. அங்கே போய் வருவதை வெளியில் சொல்லவே பயம். நான் எச்.ஐ.விக்கு மருந்து எடுப்பது அங்கேதான், ஒரு சதமும் கட்டுவதில்லை. எனக்கு இரைப்பையில் புற்று வந்து, பெரும்பகுதியை வெட்டியெடுத்துவிட்டு மிச்சத்தைச் சிறுகுடலோடு பொருத்தியிருக்கிறார்கள். இதே நிலையில் இருக்கிற ஒருவருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஒப்பரேஷன் நடந்தது வேறு இடத்தில். வெட்டுத் தையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்கு விடும்போது கல்சியம், இரும்புச்சத்து, வயிற்று அமிலம் குறைக்கிற ஒமெப்ரசோல், நெஞ்செரிவுக்கு வெள்ளைப் பாணி என்று பை நிறையத் தந்துவிட்டு, "உங்கட மற்றக் குளிசையை வழமை போல எடுங்கோ" என்றதோடு சரி. பிறகு பாணி வாங்கின பாமசியிலும் வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கிளினிக்கில் டொக்டர் பையை அப்படியே மேசையில் கொட்டச் சொன்னார். ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் பார்த்து, பாணிப் போத்தலைத் தனியே எடுத்து வைத்தார். "ஐயா, முதல்ல கவனிக்க வேண்டியது இதுதான்." நான் எடுக்கும் எச்.ஐ.வி குளிசையில் உள்ள டொலுடெகிராவிர் என்ற மருந்து, பாணியிலுள்ள மக்னீசியம், அலுமினியம், மற்றக் கல்சியம், இரும்பு எதைக் கண்டாலும் குடலுக்குள்ளேயே அதோடு ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டினால் இரத்தத்தில் சேராது. அதனால் பாணி குடிக்க 2 மணித்தியாலம் முன்னரோ, குடித்து 6 மணித்தியாலம் கழித்தோதான் குளிசை.

கல்சியத்தையும் இரும்பையும் வயிறு நிறையச் சாப்பிடும்போது குளிசையோடு சேர்த்தே எடுக்கலாம், வெறும் வயிற்றில்தான் கூடாது என்றார். நாலு வாய் புட்டுக்கு மேல் இறங்காதவனுக்கு எது சாப்பாட்டுக் கணக்கு என்று கேட்டேன். அப்படியென்றால் பிரித்தே எடுங்கோ என்றார். மிஸ்ஸி என் கொப்பியின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் நேரம் போட்டுத் தந்தார்: விடிய 6 மணிக்குக் குளிசை, பின்னேரம் 2 மணிக்குக் கல்சியம், இரவு 9 மணிக்கு இரும்பு. அந்தத் தாள் இப்போது எங்கள் குசினிச் சுவரில்.

ஒமெப்ரசோல் டொலுடெகிராவிரை ஒன்றும் செய்யாது. ஆனால் ரில்பிவிரின், அட்டசனவிர் என்ற வேறு எச்.ஐ.வி மருந்துகள் எடுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். அந்த இரண்டும் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். இரைப்பையை வெட்டினாலே அமிலம் குறைந்துவிடும், அதற்கு மேல் ஒமெப்ரசோலும் என்றால் மருந்தையே மாற்ற வேண்டி வரலாம்.

எனக்கு அதிகம் பிடித்தது இதற்குப் பிறகு நடந்தது. நேரம் போட்டுத் தந்ததோடு விடாமல், வழமையான தவணை வரும்வரை காத்திராமல் வைரஸ் அளவை முன்கூட்டியே பார்த்தார்கள். மருந்து உண்மையில் சேருகிறதா என்று இரத்தம்தானே சொல்ல வேண்டும். 50க்குக் கீழே, அதாவது வைரஸ் நல்ல கட்டுப்பாட்டில் என்று ரிப்போர்ட் வந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகப் படுத்தேன்.

அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இலக்கம்தான். அதனால் தயங்காமல் போங்கோ. ஒப்பரேஷன் திகதி கிடைத்தவுடனேயே சொல்லிவிடுங்கோ. விழுங்கக் கஷ்டமென்றால் குளிசையை நொறுக்கலாமா என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும், அதையும் அப்போதே கேளுங்கோ. போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் பையோடு கொண்டுபோங்கோ, சத்துமாத்திரை, பாணி உட்பட.