லிங்க் வெட்டாமல் காரணம் தேடும் சைக்கிள் கடை

இட்லி மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுப்பது என் தொழில். பின் கேரியரில் 15 கிலோ மாவோடு மதுரை எல்லீஸ் நகர் பாலத்தைத் தினமும் ஏறி இறங்க வேண்டும். சமதளத்தில் சைக்கிளுக்கு ஒரு குறையும் இல்லை. மேட்டில் எழுந்து நின்று அழுத்தி மிதித்தால் மட்டும் செயின் கழன்றுவிடும், கவருக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். இழுத்து மாட்டினால் கையெல்லாம் கறுப்பு. அந்தக் கையால் மாவுப் பாக்கெட்டை எப்படி நீட்டுவது?

வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் முதல் தடவை சக்கரத்தை இழுத்து வைத்து முடுக்கினார்கள். அடுத்த தடவை செயினில் ஒரு லிங்கை (கண்ணியை) வெட்டி எடுத்தார்கள். நாலாம் நாள் பாலத்தில் மறுபடி விழுந்தது.

அப்புறம்தான் ரயில்வே காலனிப் பக்கம் வேப்பமரத்தடியில் கடை போட்டிருக்கும் அண்ணனிடம் போனேன். பெயர்ப்பலகைகூடக் கிடையாது. "எப்பம்மா கழலுது, மேட்டுலயா, பள்ளத்துலயா?" என்றுதான் முதலில் கேட்டார். என்னைப் பின் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பெடலில் காலை வைத்து ஒரே அழுத்து. "இங்க பாரும்மா" என்றார். பின்சக்கரத்தின் அச்சு வலப்பக்கம் மட்டும் முன்னால் நகர்ந்து, டயர் இடப்பக்கக் கம்பியில் உரசி நின்றது. செயின் தொளதொளவென்று தொங்கியது.

வலப்பக்க நட்டில் மரை தேய்ந்திருந்தது. வாஷரின் சொரசொரப்பு போய் வழவழவென்று இருந்தது. செயின் இருப்பது வலப்பக்கம். அழுத்தி மிதிக்கும்போது இழுப்பு முழுவதும் அங்கேதான். அச்சு வழுக்கினால் எத்தனை லிங்க் வெட்டினாலும் செயின் தொய்யத்தான் செய்யும்.

இஞ்ச் டேப் வைத்து செயினில் 24 கண்ணிகளின் நீளத்தை அளந்து காட்டினார். புதுச் செயின் என்றால் சரியாக 12 இஞ்ச் இருக்க வேண்டும். என்னுடையது 12 இஞ்சும் அரைக்கால் இஞ்சும் தாண்டியிருந்தது. அவ்வளவு நீண்டுவிட்டால் ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரம்) பல்லும் கூடவே தேய்ந்திருக்கும், செயினை மட்டும் மாற்றினால் அழுத்தும்போது பல் தாண்டும் என்றார். இரண்டையும் மாற்றச் சொன்னேன். அச்சு, நட்டு, பல் வைத்த வாஷர், அச்சு முன்னால் நகராமல் பிடிக்க இரண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டர் எல்லாம் சேர்த்து 620 ரூபாய். எனக்கு அது பெரிய தொகைதான். ஆனால் ஒவ்வொன்றையும் ஏன் மாற்றுகிறார் என்று கண்ணால் பார்த்தபின் கொடுத்த பணம்.

கடைசியாகப் பெடலை ஒரு முழுச் சுற்று மெல்லச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் அரை இஞ்ச் மேலும் கீழும் ஆடும்படி விட்டு முடுக்கினார். அந்தப் பொறுமையை நான் வேறெந்தக் கடையிலும் பார்த்ததில்லை. இரண்டு மாதமாகிறது, ஒருமுறைகூடக் கழலவில்லை.

உட்கார இடம் கிடையாது, ஜிபே கிடையாது, மதியம் 1 மணிக்குச் சாப்பிடப் போனால் 3 மணிக்குத்தான் வருவார். சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள் பஞ்சரோடு வந்து நிற்பார்கள். செயின் வேலை என்றால் காலையிலேயே போய்விடுங்கள்.