இரண்டு தடப் பாதையில் மூன்று தட வண்டி: குழந்தை டிரெய்லர், நாலு வருஷத்துக்குப் பிறகு

போன வாரம், குழந்தையை உட்காரவைத்துச் சைக்கிளுக்குப் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லரின் கொக்கியை மாற்றினேன். சைக்கிளின் பின்சக்கர அச்சில் மாட்டுகிற அந்தச் சின்ன இணைப்புக்குள் இருந்த ரப்பர் வெடித்துப் போயிருந்தது. நாலு வருஷத்தில் முதல் செலவு இதுதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் சொல்லப்போகிறேன். ஏனென்றால் அன்று சாயங்காலமே தோழி ஒருத்தி, "அக்கா, நாங்களும் கம்பர்லாந்திலிருந்து டிசி வரைக்கும் கால்வாய்க் கரையிலேயே போகலாம்னு இருக்கோம், சின்னவளுக்கு உங்களுது மாதிரி ஒண்ணு வாங்கிடட்டுமா?" என்று கேட்டாள். இரண்டு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

எங்களுடையது இரண்டு குழந்தைகள் உட்காரும் சாதாரண இரட்டைச் சக்கர டிரெய்லர். எடை, அளவு எல்லாம் எங்கும் கிடைக்கும், விடுங்கள். தார்ச்சாலையில் பின்னால் ஒரு வண்டி வருகிறது என்பதே மறந்துபோகும். மூடியைப் போட்டுவிட்டால் மழையில் உள்ளே ஒரு சொட்டு இறங்கியதில்லை. முதலில் மகள், அப்புறம் மகன், இருவரும் அதற்குள் தூங்கிய தூக்கத்தை வீட்டில் தூங்கியதே இல்லை. பஞ்சர்கூட மொத்தம் இரண்டுதான்.

தோழி சொன்ன கால்வாய், அமெரிக்காவில் கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் டிசி வரை போகிற பழைய படகுக் கால்வாயான சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹாயோ). போன வருஷம் ஜூனில் இதை மாட்டிக்கொண்டு அதன் கரைப் பாதையை முழுசாக, 184.5 மைலையும் ஏழு நாளில் மிதித்தோம். எட்டு வயது மகள் தன் சைக்கிளில், மூன்று வயது மகன் டிரெய்லரில், கூடாரமும் பாத்திரமும் அவர் சைக்கிளில். டிரெய்லரை இழுத்தது நான். அந்தப் பாதை கோவேறு கழுதைகள் படகை இழுத்துக்கொண்டு நடப்பதற்காகப் போட்டது. 1924 வெள்ளத்தோடு படகுகள் நின்றுபோயின. இப்போது அதில் போகிற நாலு சக்கர வண்டி என்றால் பூங்காப் பராமரிப்பு வண்டிதான். அதனால் பல மைல்களுக்கு இரண்டு டயர்த் தடம், நடுவில் புல் மேடு. சைக்கிளில் போகிறவர்கள் ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகப் போகலாம். நானும் பிடித்தேன். என் சக்கரம் வழவழப்பான தடத்தில். டிரெய்லரின் ஒரு சக்கரம் புல் மேட்டின் மேலே, இன்னொன்று தடத்துக்கு வெளியே ஓரத்து வேரிலும் கல்லிலும். பாதையில் நன்றாக இருக்கிற அந்த ஒரு கோடு டிரெய்லரின் வயிற்றுக்கு அடியில் சும்மா போய்க்கொண்டிருக்கிறது!

வண்டி சாய்ந்தே வந்தது. "அம்மா, சாயுது" என்று முதல் நாள் இருபது தடவையாவது சொல்லியிருப்பான், இரண்டாம் நாள் சொல்வதையே விட்டுவிட்டுச் சாய்ந்தபடியே தூங்கிவிட்டான். டயரில் கொஞ்சம் காற்று குறைத்தேன், குலுக்கல் குறைந்தது, சாய்வு அப்படியே. "நடுவுல ஓட்டிப் பாரேன்" என்றார் அவர், முன்னால் ஹாயாகப் போய்க்கொண்டே. புல் மேட்டின் மேல் ஏறி ஓட்டினேன். டிரெய்லர் நிமிர்ந்துவிட்டது, என் முதுகுதான் குனிந்துவிட்டது. புல்லில் ஒரு மைல் மிதிப்பது தடத்தில் மூன்று மைலுக்குச் சமம். மழை பெய்த மறுநாள் இதோடு சேறும் சேர்ந்தது. என் பின்சக்கரம் வாரி இறைத்ததெல்லாம் நேராக டிரெய்லரின் முன்வலைக்கு, வலை வழியாக அவன் முகத்துக்கு. மட்கார்டு போடாமல் போனது என் தப்பு, டிரெய்லரின் தப்பு இல்லை. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

நியாயமாகச் சொன்னால் புதிதாகச் சரளை போட்டுச் சமன் செய்த பகுதிகளில் ஒரு தொல்லையும் இல்லை. ஹான்காக் ஊர்ப் பக்கம் கால்வாயை ஒட்டியே வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் தடம், அதாவது பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கியது, தார் போட்டு ஓடுகிறது, யோசிக்காமல் அதில் ஏறிவிடுங்கள். அங்கே கிடைத்த சில மணி நேரம்தான் இந்த டிரெய்லரைத் திரும்ப எனக்குப் பிடிக்க வைத்தது.

அப்புறம் கால்வாயும் பாதையும் மலைக்குள் நுழைந்து போகிற பா பா சுரங்கம். 3,118 அடி நீளம், 1836இல் தோண்ட ஆரம்பித்து 1850இல்தான் முடித்தார்கள். உள்ளே கும்மிருட்டு, ஒரு பக்கம் செங்கல் சுவர், இன்னொரு பக்கம் மரக் கைப்பிடி, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனோம். எதிரே வந்தவர்கள் எங்கள் அகலத்தைப் பார்த்துச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். மகன் உள்ளே உட்கார்ந்து டார்ச்சைக் கூரையில் அடித்துக்கொண்டு "ஓ" என்று கத்த, சுரங்கம் முழுக்கத் திருப்பிக் கத்தியது. வெளியே வந்ததும் இன்னொரு முறை போகலாம் என்றான். கொஞ்சம் தள்ளி மகள் 65ஆம் எண் லாக்கை (படகை ஏற்றி இறக்க கால்வாயில் கதவு வைத்துக் கட்டிய தொட்டி) தேடி அலைந்தாள். அப்படி ஒன்று கிடையாது, 63⅓, 64⅔ என்று பின்னத்தில் எண் போட்டு நேராக 66க்குத் தாவியிருக்கிறார்கள். பள்ளியில் புரியாத பின்னம் அங்கே புரிந்துவிட்டதாம்.

சரி, தோழிக்குப் பதில். இந்தப் பாதைக்காக மட்டும் என்றால் இரட்டைச் சக்கரம் வாங்காதே. சின்னவளுக்கு ஐந்து வயது ஆகிவிட்டது, உன் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டுகிற ஒற்றைச் சக்கரக் குட்டி சைக்கிள் போதும், அது உன் தடத்திலேயே வரும், அவளும் கொஞ்சம் மிதிப்பாள். தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்காதே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. என்னுடையதை இரவல் கேட்கலாம் என்றும் நினைக்காதே. கொக்கி இப்போதுதான் புதுசு, அக்டோபரில் நாங்களே அதே பாதைக்கு எடுத்துப் போகிறோம். மட்கார்டு வேண்டுமானால் கூடுதலாக ஒன்று வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்.