ஐந்து வருடமாகப் பறவைப் படங்களை வெட்டி வருகிறேன்

24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார் உள்ள) கேமராவும் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸும் என் கைக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஆனால் நான் அதிகம் பயன்படுத்தியது எடிட்டிங் மென்பொருளில் படத்தின் ஓரங்களை வெட்டும் க்ராப் பொத்தானைத்தான். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருடம் எனக்கு ஒரே ஆசை: பறவை ஃபிரேமை நிறைக்க வேண்டும். 600 மி.மீ.க்கு இழுத்தாலும் மீன்கொத்தி பொட்டு அளவுக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் நாலு பக்கமும் வெட்டுவேன். 6000 × 4000 பிக்சல் படத்தை நீளத்திலும் உயரத்திலும் பாதியாக்கினால் 3000 × 2000. 24 மெகாபிக்சல் 6 ஆகிவிடும். ஃபோனில் பார்க்க அது தாராளம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சிட்டால் 10 அங்குல அகலம் வரும். நீளம், உயரம் இரண்டையும் மூன்றில் ஒரு பங்காக வெட்டினால் 2.7 மெகாபிக்சல்தான் மிச்சம்.

பிக்சல் குறைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெட்டிய படத்தைப் பழைய அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது குறைகளும் கூடவே வளர்கின்றன. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200-க்கு ஏற்றினால் வரும் புள்ளிகள், லேசான கைநடுக்கம், கண்ணை விட்டுத் தோள் இறகில் போய் விழுந்த ஃபோகஸ், எதுவும் தப்பாது. வெயில் ஏறிய பிறகு தண்ணீர்ப் பரப்புக்கு அந்தப் பக்கம் எடுத்த படங்களில் இறகின் கோடுகள் கரைந்து கிடந்தன. லென்ஸில்தான் கோளாறு என்று சர்வீஸுக்கே அனுப்பினேன். ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. நடுவில் இருந்த சூடான காற்று செய்த வேலை அது. அப்புறம் அந்த நேரத்தில் தூரத்துப் பறவைகளைக் கண்ணால் பார்ப்பதோடு சரி.

என் பழக்கம் மாறியது ஹார்ட் டிஸ்க் நிறைந்த ஒரு நாளில். பழைய படங்களை அழிக்க உட்கார்ந்தபோது ஒரு நாரைப் படம் வந்தது. கழுத்து, அலகு, கண் எல்லாம் கூர்மை. ஆனால் அது எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. ரா ஃபைல் (கேமரா பதிந்த மூலத் தரவு, வெட்டினாலும் முழுப் படமும் உள்ளே அப்படியே இருக்கும்) என்பதால் க்ராப்பை நீக்கினேன். இடது கீழ் மூலையில் தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள். மீன்! நாரை கழுத்தை வளைத்திருந்ததே அதற்காகத்தான். அந்த மூலையைத்தான் நான் வெட்டி எறிந்திருக்கிறேன். ஜேபெக்கில் மட்டும் எடுத்து, வெட்டி, அதன் மேலேயே சேமித்த படங்களுக்கு இந்த யோகம் இல்லை.

இப்போது எடுக்கும்போதே தாராளமாக இடம் விடுகிறேன். பறக்கும் பறவை என்றால் 400 மி.மீ.க்கு இறங்கிவிடுவேன், விரிந்த சிறகின் நுனி ஃபிரேமுக்கு வெளியே போனால் எந்த மென்பொருளும் கொண்டுவந்து தராது. பறவை பார்க்கும் பக்கம் கொஞ்சம் வெளி வேண்டும். தண்ணீரில் நிழல் விழுந்தால் முழு நிழலும் வேண்டும், பாதி நிழல் உறுத்தும். முதலில் வெட்டுவது ஓரத்தில் வெயில் பட்டு மின்னும் குச்சியை. கண் நேரே அங்கேதான் ஓடும். ஆனால் பறவையை லேசாக மறைக்கும் நாணலை இப்போது விட்டுவிடுகிறேன். அது வாழும் இடம் அது.

க்ராப்புக்கு நன்றி சொல்ல ஒரு காரணமும் உண்டு. இன்னும் நாலடி நெருங்க வேண்டும் என்ற அரிப்பை அது குறைத்துவிட்டது. மேய்ந்துகொண்டிருக்கும் பறவை தலையை நிமிர்த்தி என்னையே பார்த்தால் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டேன் என்று அர்த்தம். பின்வாங்கி, தரையோடு தரையாக உட்கார்ந்து எடுக்கிறேன். பறவையின் கண்மட்டத்தில் எடுத்த படத்தைக் கொஞ்சம் வெட்டினாலும் உயிர் இருக்கிறது. நின்றபடி மேலிருந்து எடுத்ததை எப்படி வெட்டினாலும் தேறவில்லை.

எரிச்சல் ஒன்றே ஒன்று: ஃபோனுக்காக 4:5 செங்குத்தாக வெட்டுவது. அகலமான சேற்றுநிலத்தில் பரவி மேயும் உள்ளான் கூட்டத்தை அதில் எப்படி அடைப்பது?

அந்த மீன்கொத்திக்கு மட்டும் இன்னும் மூன்று க்ராப் சேமித்து வைத்திருக்கிறேன். நெருக்கமானது ஒன்று, கிளையோடு ஒன்று, ஓடை முழுதும் ஒன்று. மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வேறொன்று பிடிக்கிறது.