பழைய மின்னஞ்சல்: ஹார்ட் டிஸ்க்கிலா, கூகுள் வால்ட்டிலா?

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நாலு பேர் வேலை செய்யும் கடைக்கும், கொழும்பிலிருந்து வந்த பழைய விலைப்பட்டியல் ஒருநாள் தேவைப்படும்.

மடல்களை அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் பிஎஸ்டி கோப்பாக (மடல்கள் எல்லாம் ஒரே கோப்பில்) ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைத்தால் மாதக் கட்டணம் இல்லை. இணையம் இல்லாமலே தேடலாம். வழக்கமான எல்லை 50 ஜிபி. திறந்திருக்கும்போது கரன்ட் போனால் கோப்பு பழுதாகலாம். அதைவிட, வேலையாள் முன்கூட்டியே அழித்த மடல் அதில் இருக்கவே இருக்காது.

வால்ட் என்பது கூகுளின் அலுவலக மின்னஞ்சலுக்கான காப்பகம். அதில் தக்கவைப்பு விதி (மடல்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற விதி) போட்டுவிட்டால், ஊழியர் அழித்த மடலும் தேடலில் அகப்படும். ஆனால் கூகுளின் பிசினஸ் ஸ்டார்ட்டர், ஸ்டாண்டர்ட் திட்டங்களோடு அது சேர்ந்து வராது. பிசினஸ் பிளஸில் உண்டு, ஆனால் கை கடிக்கும். விலகியவரின் கணக்கை நீக்கினால் வால்ட்டில் உள்ளதும் போய்விடும் (இதைப் பலர் கவனிப்பதில்லை).

கடனுக்குச் சரக்கு எடுப்பவர் என்றால், கணக்கில் தகராறு வந்தால் பழைய மடல் வேண்டும் என்பதால், நான் வால்ட் பக்கம். மற்றவர்களுக்கு ஒரே கோப்பின் பிரதியோடு இரண்டு டிஸ்க் போதும். ஒன்று வீட்டில் இருக்கட்டும்.