கோவையில் 33, ஊட்டியில் 29: டயர் அழுத்தக் கருவியுடன் சில ஆண்டுகள்

சக்கரங்களில் பொருத்திய சென்சார்கள் மூலம் டயரின் காற்றழுத்தத்தை ஓடும்போதே காருக்குள் ஒரு திரையில் காட்டும் டயர் அழுத்தக் கருவி வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது, அழுத்தத்தை மட்டும் காட்டும் கருவியை வாங்காதீர்கள் என்பதுதான். வெப்பநிலை கூடவே தெரியாவிட்டால் அந்த எண்ணுக்குப் பாதி மதிப்புகூடக் கிடையாது. வெப்பநிலையைத் தனியாகப் பார்ப்பதாலும் பெரிய பயன் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கப் பழகச் சில மாதங்கள் பிடிக்கும். விற்பவர் இதைச் சொல்லித் தருவதில்லை, பெட்டியோடு வரும் கையேட்டிலும் இது இருக்காது.

நான் ஓட்டுவது சாதாரண ஹேட்ச்பேக். கோயம்புத்தூருக்குள் தினசரி ஓட்டம், அடிக்கடி ஊட்டி, பண்டிகை விடுமுறைகளில் சேலம், உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. பத்து கிலோமீட்டர் ஓட்டிப்போய்ப் பெட்ரோல் பங்கில் “முப்பத்து மூன்று வையுங்கள்” என்று சொன்னால், மறுநாள் காலை டயரில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

முதலில் வாங்கியது வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகிப் பொருத்தும் வெளிப்புற சென்சார்கள். பத்து நிமிட வேலை, மெக்கானிக் தேவையில்லை. ஆனால் தொல்லைகள் பின்னால் வரிசையாக வந்தன. திருட்டைத் தடுக்க அடியில் ஒரு நட்டு போட்டு இறுக்க வேண்டும். காற்றுப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சின்ன ஸ்பானரை எடுத்து அதைக் கழற்றியாக வேண்டும். பங்கில் பின்னால் நான்கு வண்டிகள் நிற்கும்போது அங்கே வேலை செய்யும் தம்பி நம்மைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே! அதற்காகவே காருக்குள் செருகும் சிறிய கம்ப்ரஸர் ஒன்று வாங்கினேன். இன்று வரை அது நல்ல முதலீடுதான்.

வெளிப்புற சென்சாரின் பெரிய குறை வேறு. அதைத் திருகியதும் அது வால்வுக்குள் இருக்கும் சிறு ஊசியை அழுத்தித் திறந்தே வைத்திருக்கும். அதற்குப் பிறகு காற்றைத் தாங்கி நிற்பது சென்சாருக்குள் இருக்கும் ரப்பர் வளையம் மட்டுமே. வளையம் வறண்டுபோனால் காற்று இறங்குவதைக் கண்டுபிடிக்க வாங்கிய கருவியே காற்றை இறக்கும். இரண்டாம் கோடையில் பின்பக்கச் சக்கரம் ஒன்றில் அதுதான் நடந்தது. சோப்பு நீர் தடவியபோது குமிழி வந்தது டயரிலிருந்து அல்ல, சென்சாரின் கழுத்திலிருந்து. ரப்பர் தண்டுள்ள வால்வின் நுனியில் கூடுதல் எடை ஆடிக்கொண்டிருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. மழைக்காலம் முடிந்து கழற்றும்போது நட்டு பித்தளை மரையோடு பிடித்துக்கொண்டிருக்கும், அது தனிக் கதை.

டயர் மாற்றும் வேளை வந்ததும் உட்புற சென்சாருக்கு மாறினேன். இது ரிம்முக்குள் வால்வோடு சேர்ந்து உட்காரும், வால்வின் ஊசி தன் வேலையைத் தானே பார்க்கும். பொருத்திய பின் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்படுத்துவது) செய்ய வேண்டும். பஞ்சர் ஒட்டப் போகும்போது சென்சார் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் டயரின் விளிம்பைப் பிரிக்கும் இயந்திரம் அதை நசுக்கிவிடும். எங்கள் பகுதிப் பஞ்சர் கடை அண்ணன் இப்போது சொல்லாமலே வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்குகிறார். பஞ்சரை அடைக்க ஊற்றும் திரவம் சென்சாரின் துளையையும் அடைத்துவிடக்கூடும் என்பதால் அதை நான் தவிர்க்கிறேன்.

வெளிப்புற சென்சார் வெப்பநிலையைக் குறைத்தே காட்டும். ஓடும்போது வீசும் காற்று அதைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். உட்புற சென்சார் டயருக்குள் அடைபட்ட காற்றின் வெப்பத்தைச் சொல்கிறது. அதுவும்கூடச் சாலையைத் தொடும் ரப்பரின் வெப்பம் அல்ல. ரிம்மை ஒட்டி இருப்பதால் பிரேக்கின் சூடும் அதில் கலந்திருக்கும்.

சமவெளியில் 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ வைத்துக் கிளம்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் உள்ளே இருக்கும் காற்று 60 டிகிரியைத் தொட்டால் அழுத்தம் 37, 38 வரை போகும். இது இயல்பு, பயந்து காற்றை இறக்கக்கூடாது. இப்போது அதே டயரில் மெல்லக் கசிந்து, குளிர்ந்த நிலையில் 28 தான் இருக்கிறது என்று கொள்ளுங்கள். 60 டிகிரியில் திரை காட்டுவது சுமார் 32. குறைந்தபட்ச எச்சரிக்கையை 28இல் வைத்திருப்பவருக்கு மணி அடிக்காது. எண்ணைப் பார்ப்பவருக்கும் எல்லாம் சரியாகவே தோன்றும். பக்கத்துச் சக்கரம் 37 காட்டும்போது இது மட்டும் 32 காட்டுவதும், இரண்டின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதும்தான் துப்பு.

உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் ஒரு முறை எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மணி அடிக்கவில்லை. முன் இடது சக்கரம் மற்றவற்றைவிட நான்கு எண் பின்தங்கியிருந்தது, வெப்பமோ ஓரிரு டிகிரி கூடுதல். காற்று குறைந்த டயர் அதிகம் மடங்கி மடங்கி நிமிர்வதால் சூடாகும். அந்தச் சூடே அழுத்தத்தைத் தூக்கிப் பிடித்துக் குறையை மறைக்கும். சாலையோரக் கடையில் பார்த்தபோது மொட்டை ஆணி ஒன்று ஏறியிருந்தது. ட்யூப்லெஸ் டயர் என்பதால் காற்று மெல்லத்தான் இறங்கியிருக்கிறது.

மலையில் கணக்கு வேறு மாதிரி குழம்புகிறது. இந்த சென்சார்கள் டயருக்குள் இருக்கும் முழு அழுத்தத்தையும் அளந்து, அதிலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துக் காட்டுகின்றன. என்னிடம் இருந்த இரண்டு கருவிகளும் கழித்தது கடல்மட்ட அளவான 14.7 பிஎஸ்ஐயை, எந்த ஊரில் இருந்தாலும் சரி. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் 11 சொச்சம்தான். கோவையில் 30 டிகிரியில் 33 வைத்த டயர், ஊட்டியின் 10 டிகிரிக் காலையில் திரையில் 29 என்று மின்னும். அங்கேயே கையடக்க அளவியை வைத்துப் பார்த்தால் 32 முதல் 33 வரை காட்டுகிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. திரையை நம்பி அங்கே நான்கு எண் ஏற்றிவிட்டுக் கீழே வந்தால் மேட்டுப்பாளையம் வெயிலில் டயர் கல்லாக இருக்கும்.

கருவி செய்பவர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான். வெளிக்காற்றை அளக்கும் சிறு சில்லு இன்று பல கைபேசிகளில் இருக்கிறது. அதையே திரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் ஊட்டிக் குழப்பம் தீர்ந்துவிடும். சென்சார் அனுப்பும் வெப்பநிலையைக் கொண்டு “குளிர்ந்த நிலையில் இது எவ்வளவு” என்று கணக்கிட்டுக் காட்டுவது பள்ளிப் பாடப்புத்தகத்து வாயு விதி. ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களுக்கு இடையே வேறுபாடு கூடினால் எச்சரிப்பது அதைவிட எளிது. இவற்றை விட்டுவிட்டு வண்ணத்திரை, குரல் எச்சரிக்கை, கைபேசிச் செயலி என்று போகிறார்கள்.

வெப்பநிலை எண் தனியாக உதவிய இடமும் ஒன்று உண்டு. பின் வலது சக்கரம் மட்டும் நகரத்துக்குள்ளேயே மற்றவற்றைவிட எட்டுப் பத்து டிகிரி கூடுதலாகக் காட்டத் தொடங்கியது, அழுத்தத்தில் ஏற்றம் மட்டும்தான், இறக்கம் இல்லை. கழற்றிப் பார்த்தால் பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டு மூன்று டிகிரி வேறுபாட்டுக்கெல்லாம் சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டியதில்லை. வெயில் விழும் பக்கத்துச் சக்கரங்கள் நிழல் பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். கல்லாறு இறக்கத்தில் முன் சக்கரங்கள் சூடாவதும் இயல்பு.

நைட்ரஜன் நிரப்பினால் வெயிலில் அழுத்தம் ஏறாது என்பார்கள். திரையில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே.

இன்னொரு நுணுக்கம். உட்புற சென்சார் பேட்டரியை மிச்சப்படுத்த, வண்டி நின்றால் உறங்கிவிடும், சக்கரம் சுழலத் தொடங்கிய பிறகே விழிக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் திரையில் தெரிவது நேற்று மாலை சூட்டில் பதிந்த எண்ணாக இருக்கலாம். ஒன்றிரண்டு கிலோமீட்டர் போன பிறகு வரும் எண்ணைத்தான் குளிர்ந்த அளவாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு டயர் வெடிப்பு விபத்துகளைத் தொடர்ந்து வந்த சட்டத்தால் இந்தக் கருவி கட்டாயமானது. அங்கே பரிந்துரைத்த அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். என் வண்டிக்கு அது ஏறக்குறைய 25 பிஎஸ்ஐ, என் மனத்துக்கு மிகவும் தாமதம். இந்தியாவில் 2020 அக்டோபர் முதல், ட்யூப்லெஸ் டயரும் இந்தக் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலேயே கார் விற்கலாம் என்று விதியைத் திருத்தினார்கள். ஸ்டெப்னியை இழக்க எனக்குச் சம்மதமில்லை. பள்ளத்தில் இடித்துப் பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு எந்த சென்சாரும் உதவாது.

காரோடு வரும் அமைப்புகளில் சென்சாரே இல்லாத வகை ஒன்றும் உண்டு. காற்று குறைந்த சக்கரத்தின் ஆரம் சுருங்கிச் சற்று வேகமாகச் சுழல்வதை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் வழியாகக் கண்டுகொண்டு அது விளக்கை எரியவிடும். என் தம்பியின் காரில் இருப்பது அதுதான். எண் எதுவும் தெரியாது, காற்றுப் பிடித்ததும் மறக்காமல் பொத்தானை அழுத்திப் புதிய அளவைப் பதிய வைக்க வேண்டும். நான்கிலும் ஒன்றுபோலக் காற்று குறைந்தால் இந்த வகைக்குத் தெரியாமலே போகலாம். இருந்தாலும் பேட்டரிக் கவலை இல்லை என்று அவன் பெருமைப்படுகிறான்.

அந்தக் கவலை எனக்கு இப்போது தொடங்கியிருக்கிறது. வெளிப்புற சென்சாருக்கு நாணய பேட்டரியைக் கடையில் வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம். உட்புற சென்சாரின் பேட்டரியைப் பிசினில் புதைத்துவிட்டார்கள், தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். டேஷ்போர்டு வெயிலில் திரைப் பெட்டியின் பேட்டரி உப்பிப்போனதால் அதை ஒரு முறை மாற்றியாயிற்று. பின் இடது சென்சார் சில வாரங்களாக விட்டுவிட்டுத்தான் பேசுகிறது. டயர்களில் இன்னும் ஓராண்டு ஓட்டத்துக்கு ரப்பர் இருக்கிறது. அதுவரை அந்த ஒரு சக்கரத்துக்கு வெளிப்புற சென்சார் எதுவும் போடாமல் கையடக்க அளவியால் பார்த்துக்கொண்டு, டயர் மாற்றும்போது நான்கு சென்சார்களையும் ஒன்றாக மாற்றலாம் என்று இருக்கிறேன்.